தலையணைக்கடியில் ஒரு புட்டி: வார்ஃபரின் நோயாளியும் சிபிஎன் என்னும் கன்னாபினாய்டும் – ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகும் பாதையை ஒட்டிய ரப்பர் தோட்டக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். வயது 63. இருபத்தைந்து வருடம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தோல் உரிக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். முட்டுவலி வந்த பிறகு நின்றுவிட்டார். கணவருக்கு இன்றும் பால்வெட்டு வேலைதான். மூத்த மகள் அமெரிக்காவில் நர்ஸ். இளைய மகன் கப்பல் வேலைக்குப் போகக் காத்திருந்தவர். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவருடைய மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. 2011-ல் திருவனந்தபுரத்தில் செயற்கை வால்வு பொருத்தினார்கள். இதயத்தில் கோளாறு என்றால் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறுவது எங்கள் மாவட்டத்தில் பழைய வழக்கம். அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான உள்நாட்டு வால்வை 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு ஏழை வீடுகளுக்கும் வால்வு அறுவை எட்டும் தூரத்துக்கு வந்தது. எனது புறநோயாளிப் பிரிவில் வாரந்தோறும் உலோக வால்வு வைத்த நான்கைந்து பேராவது வருவார்கள்.

உலோக வால்வில் இரத்தம் உறைந்துவிடக் கூடாது. அதற்காக வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் சாப்பிட வேண்டும். இவர் ஆறு நாள் 5 மி.கி., ஞாயிறு மட்டும் பாதி மாத்திரை, ஆக வாரத்துக்கு 32.5 மி.கி. எடுத்துவந்தார். இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு இவருக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். முந்தைய ஒரு வருடத்தில் ஒருமுறைகூட அது எல்லை தாண்டவில்லை. மாத்திரை விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பானவர். இது போக ஃப்ரூஸ்மைடு 40 மி.கி. இரண்டு வேளை, மெட்டோப்ரோலால் 25 மி.கி. இரண்டு வேளை. முட்டு கடுத்தால் பாராசிட்டமால்.

வந்த நாள்

மூன்று நாளாகப் பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம். இரண்டு முன்கையிலும் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. முந்தைய நாள் அதிகாலை குளியலறையில் கால் வழுக்கி உட்கார்ந்ததில் தொடையில் ஒரு பெரிய இரத்தக்கட்டு. "காலத்த எழும்பினா ஒரு மந்தம் மக்களே. தல கறக்கமும் உண்டு," என்றார். கறக்கம் என்றால் தலைசுற்றல். தலையில் அடிபடவில்லை என்று இரண்டு பேரும் உறுதியாகச் சொன்னார்கள். இருந்தாலும் சிடி எடுத்தோம். மூளையில் இரத்தக்கசிவு இல்லை.

ஐஎன்ஆர் 7.8. ஆறு வாரத்துக்கு முன் அதே ஆய்வகத்தில் 2.9 இருந்தது. நம்ப முடியாமல் புதிதாக இரத்தம் எடுத்து மறுபடி பார்த்தோம், 7.6 வந்தது. ஹீமோகுளோபின் 10.8. கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு மூன்றும் பழையபடியே இருந்தன.

வால்வு நோயாளிக்கு ஐஎன்ஆர் ஏறினால் நமக்கு இரண்டு பக்கமும் பயம். அப்படியே விட்டால் இரத்தம் ஒழுகும். பதறிப்போய், வார்ஃபரினை முறிக்கும் வைட்டமின் கே-யை அள்ளிக் கொடுத்தால் வால்வில் இரத்தம் உறைந்து அது அசையாமல் நின்றுவிடலாம். அதனால் வார்ஃபரினை நிறுத்திவிட்டு, வைட்டமின் கே 1 மி.கி. மட்டும் வாய்வழியாகக் கொடுத்து, உள்நோயாளியாகச் சேர்த்தோம். மறுநாள் 5.1, அதற்கடுத்த நாள் 3.6. ஈறுக் கசிவு இரண்டாம் நாளே நின்றது.

காரணத்தைத் தேடியது

சிகிச்சை சுலபம். காரணம் தெரியாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பதுதான் சிக்கல்.

மாத்திரை கூடிப்போயிருக்குமா? கணவர் அட்டைகளைக் கொண்டுவந்தார். வாங்கிய தேதியிலிருந்து எண்ணினோம். ஒரு மாத்திரை கூடப் பிசகவில்லை. மில்லிகிராம் மாறிய அட்டையும் இல்லை. ஆன்டிபயாட்டிக் ஏதாவது? இல்லை. பாராசிட்டமால் வாரத்துக்கு நான்கு; அது இந்த அளவுக்கு ஏற்றாது. சாப்பாடு வழக்கம்போலத்தான்: மரச்சீனி, சாளை, வாரம் இருமுறை முருங்கையிலை. இங்கே வருவதற்கு முந்தைய மூன்று நாளாக ஈறு வலியால் கொஞ்சம் குறைவாகத் தின்றிருக்கிறார், அவ்வளவுதான்.

கஷாயமும் லேகியமும் உண்டா என்று தனியாகக் கேட்டேன். இந்த மாவட்டத்தில் மருத்துவம் பார்க்கிறவர்கள் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி, முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி, ஊருக்கு ஊர் வர்ம ஆசான்கள், தெருவுக்குத் தெரு வைத்தியசாலை. ஆங்கில மாத்திரையும் அரிஷ்டமும் ஒரே அலமாரியில் இருக்கும் வீடுகள்தான் இங்கே அதிகம். அதற்கும் இல்லை என்றார். "வேற மருந்து ஒண்ணும் குடிக்கல்ல மக்களே. நீங்க தந்ததுதான்."

அவர் சொன்னது முழு உண்மை. நான் கேட்டதுதான் தவறு. "மருந்து" என்ற சொல்லை வைத்து நான்கு விதமாகக் கேட்டிருந்தேன். அவர் தின்றுவந்த பொருளுக்கு அவர் வீட்டில் அந்தப் பெயரே இல்லை.

இரண்டாம் நாள் இரவு, வார்டு சிஸ்டர்தான் அதைக் கேட்டது. "அந்த ஒறக்க முட்டாயிய எடுத்துட்டு வரச் சொன்னேனே, மறந்திட்டியளா?" என்று அம்மா கணவரைக் கடிந்துகொண்டிருந்தாராம். சிஸ்டர் விடவில்லை. மறுநாள் காலை புட்டி எனது மேசையில் இருந்தது. தலையணைக்கடியில் வைத்திருந்ததாம்.

"இதையும் தின்னியளா?" என்றேன்.

"அது முட்டாயில்லா மக்களே! மொவ லீவுக்கு வந்தப்பம் தந்திட்டுப் போனது. ரெண்டு தின்னுட்டுக் கெடந்தா நல்ல ஒறக்கம்."

புட்டியில் என்ன இருந்தது

ஊதா நிற ஜெல்லி மிட்டாய். சீனி தூவியது, நாவல்பழ மணம். லேபிளின்படி ஒரு மிட்டாயில் கஞ்சாச் செடியிலிருந்து வரும் இரண்டு பொருட்கள்: சிபிடி (கன்னாபிடியால்) 25 மி.கி., சிபிஎன் 10 மி.கி. முதல் வாரம் தினம் ஒன்று, பிறகு தினம் இரண்டு என்று மொத்தம் 18 நாள் சாப்பிட்டிருக்கிறார். அதாவது கடைசி நாட்களில் இரவுக்கு 50 மி.கி. சிபிடியும் 20 மி.கி. சிபிஎன்னும் உள்ளே போயிருக்கின்றன. இது லேபிள் சொல்லும் கணக்கு. லேபிளை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு விஷயம். 2017-ல் அமெரிக்காவில் இணையம் வழியாக விற்கப்பட்ட 84 சிபிடி பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள். லேபிளில் சொன்ன அளவு உள்ளே இருந்தது சுமார் 31 விழுக்காட்டில் மட்டும். 43 விழுக்காட்டில் சொன்னதைவிட அதிகம் இருந்தது. 18 பொருட்களில், கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சியே காணப்பட்டது.

சிபிடியை இப்போது நம் ஊரிலும் பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். சிபிஎன் என்ற பெயரை எங்கள் மருத்துவமனையில் அன்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நானும் கல்லூரியில் ஒரு வரியாகப் படித்ததோடு சரி. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிபிஎன்: பழையதாகும் கஞ்சாவில் பிறப்பது

சிபிஎன் என்றால் கன்னாபினால். கஞ்சாச் செடிக்கே உரிய, கன்னாபினாய்டு எனப்படும் நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களில் ஒன்று. மற்றவற்றைப் போல இதைச் செடி நேரடியாகப் பெரிய அளவில் உண்டாக்குவதில்லை. பறித்த கஞ்சா காற்றிலும் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் கிடக்கக் கிடக்க, அதிலுள்ள டிஹெச்சி ஆக்சிஜனேற்றம் அடைந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிபிஎன்னாக மாறுகிறது. டிஹெச்சி மூலக்கூறில் 30 ஹைட்ரஜன் அணுக்கள், சிபிஎன்னில் 26. அந்த நான்கு போனதும் ஒரு வளையம் பென்சீன் வளையமாகி, மூலக்கூறு தட்டையாகவும் விறைப்பாகவும் ஆகிறது. மூளையிலுள்ள சிபி1 ஏற்பியில் டிஹெச்சி போல அது கெட்டியாகப் பொருந்துவதில்லை. அதன் பிடிப்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் என்பது பொதுவான மதிப்பீடு.

பிடிபட்ட கஞ்சா எவ்வளவு பழையது என்று கணிக்கத் தடயவியல் ஆய்வகங்கள் சிபிஎன்னுக்கும் டிஹெச்சிக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது இதனால்தான். சீனாவின் துர்பான் பகுதியில் யாங்ஹாய் கல்லறைகளில் ஒன்றைத் திறந்தபோது, 2700 வருடம் பழைய ஒரு சடலத்தின் அருகே 789 கிராம் கஞ்சா வைக்கப்பட்டிருந்தது. 2008-ல் வந்த ஆய்வு அதில் முக்கியமாகக் கண்டது சிபிஎன்னைத்தான். புதைத்த நாளில் டிஹெச்சியாக இருந்தது அந்த மண்ணுக்குள்ளேயே முதுமை அடைந்திருக்கிறது.

இதன் கண்டுபிடிப்பில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1896-ல் கேம்பிரிட்ஜில் உட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்டு என்ற மூவர் இந்தியச் சரஸை (கஞ்சாப் பிசினை) வடித்துச் சிவப்பு நிற எண்ணெய் ஒன்றைப் பிரித்தெடுத்து, அதற்குக் கன்னாபினால் என்று பெயரிட்டார்கள். கஞ்சாவின் போதைக்குக் காரணம் இதுதான் என்று அன்று கருதினார்கள். கையில் கிடைத்தது பழைய சரஸ். அதில் சிபிஎன் மிகுந்திருந்தது இயல்பு. 1940-ல் இலினாயில் ரோஜர் ஆடம்ஸும் மான்செஸ்டரில் அலெக்சாண்டர் டாடும் சிபிஎன்னின் அமைப்பை உறுதி செய்து அதைச் செயற்கையாகவும் உருவாக்கினார்கள். போதைக்கு மூல காரணம் இது அல்ல என்பது அப்போது தெளிவானது. டிஹெச்சி தூய வடிவில் கிடைத்து அதன் அமைப்பு தெரிய 1964 வரை, இஸ்ரேலில் கவோனியும் மெக்கூலமும் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. கன்னாபினாய்டுகளில் முதலில் பெயர் பெற்றதும் சிபிஎன்தான், அதன் பிறகு ஏறத்தாழ எல்லோரும் மறந்துபோனதும் அதைத்தான்.

அது மறுபடி கடைக்கு வந்ததற்குக் காரணம் அமெரிக்காவின் 2018 வேளாண் சட்டம். உலர்ந்த எடையில் 0.3 விழுக்காட்டுக்கு மேல் டெல்டா-9 டிஹெச்சி இல்லாத கஞ்சாச் செடியை ஹெம்ப் என்று வகுத்து, கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து அந்தச் சட்டம் நீக்கியது. ஹெம்ப்பிலிருந்து எடுக்கும் எல்லாவற்றுக்கும் சந்தை திறந்தது. சிபிடி எல்லாக் கடையிலும் குவிந்ததும், வியாபாரிகள் அடுத்த பெயரைத் தேடினார்கள். சிபிஎன் தூக்கத்துக்கானது என்று அட்டை ஒட்டப்பட்டது.

தூக்கம் வருமா

இந்த இடத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த அம்மா "நல்ல ஒறக்கம்" என்று சொன்னதை நான் பொய் என்று தள்ளவில்லை.

1975-ல் பிரேசிலில் ஐந்து ஆண்களுக்கு 50 மி.கி. சிபிஎன் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாகக் கொடுத்தபோது குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை. டிஹெச்சியோடு சேர்த்துக் கொடுத்தபோது, டிஹெச்சி மட்டும் சாப்பிட்டதைவிட மயக்கமும் தூக்கக்கலக்கமும் கூடின. தூக்கத்துக்கான மருந்து என்ற பெயர் பல வருடம் நின்றது இப்படிப்பட்ட சிறு ஆய்வுகளின் மேல்தான். 2021-ல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, அந்தப் பெயருக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது.

அதன் பிறகு நிலைமை சற்று மாறியிருக்கிறது. இரவுக்கு 20 மி.கி. சிபிஎன்னை, மருந்தே சேராத வெற்றுப் பொருளோடு (பிளாசிபோ) ஒப்பிட்டு ஏழு இரவு நடந்த ஓர் ஆய்வில், சிபிஎன் எடுத்தவர்கள் இரவில் விழித்த தடவை குறைந்தது, தூக்கம் கெடுவதும் ஓரளவு குறைந்தது. படுத்ததும் சீக்கிரம் தூங்கியதாகத் தெரியவில்லை. கூடவே சிபிடி சேர்த்ததால் பலன் கூடவும் இல்லை. 2024-ல் சிட்னி பல்கலைக்கழகத்தினர் எலிகளின் மூளை மின்னலைகளை அளந்து, சிபிஎன் தூக்க நேரத்தைக் கூட்டுகிறது என்று காட்டினார்கள். கல்லீரலில் சிபிஎன் உருமாறி உண்டாகும் ஒரு பொருள் சிபி1 ஏற்பியில் சிபிஎன்னைவிட வலுவாக வேலை செய்வதாகவும் கண்டார்கள்.

ஆக, முழுப் புரளி என்றும் சொல்ல முடியாது, நிரூபணமான தூக்க மருந்து என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆய்வுகளில் ஒன்றுகூட உலோக வால்வும் வார்ஃபரினும் உள்ள 63 வயதுப் பெண்ணின்மேல் நடக்கவில்லை. எனக்குக் கவலை அங்கேதான். காலை மந்தமும் கறக்கமும் குளியலறையில் வழுக்கியதும் மிட்டாயோடு தொடர்புள்ளவை என்றே நினைக்கிறேன். இரத்தம் உறையாத உடம்போடு வழுக்கி விழுவது சாதாரண விழுகை அல்ல.

ஒரே பெஞ்சு

வார்ஃபரினில் இரண்டு வடிவங்கள் கலந்திருக்கின்றன. அவற்றில் வீரியம் மிகுந்த எஸ்-வார்ஃபரினைக் கல்லீரலிலிருந்து வெளியேற்றுவது பெரும்பாலும் சிஒய்பி2சி9 என்ற நொதி. அந்த நொதியைச் சிபிடி தடுக்கிறது. 2017-ல் அமெரிக்காவிலிருந்து ஒரு நிகழ்வு பதிவானது: செயற்கை வால்வும் வலிப்பும் உள்ள 44 வயதுக்காரருக்குத் தூய சிபிடி மருந்தைத் தொடங்கி அளவைக் கூட்டியபோது, ஐஎன்ஆரை எல்லைக்குள் வைக்க வார்ஃபரினைச் சுமார் 30 விழுக்காடு குறைக்க வேண்டியிருந்தது. 2009-ல் இன்னொரு பதிவு. வார்ஃபரின் எடுத்துக்கொண்டே கஞ்சா புகைத்த 56 வயதுக்காரருக்கு ஐஎன்ஆர் 11-ஐத் தாண்டி இரத்தப்போக்கு வந்தது. சிபிஎன்னைப் பற்றி மனிதர்களில் இப்படி ஒரு பதிவையும் நான் பார்க்கவில்லை. ஆனால் 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் இதே நொதியின்மேல் டிஹெச்சி, சிபிடி, சிபிஎன் மூன்றையும் வைத்துப் பார்த்தபோது, மூன்றுமே அதைத் தடுத்தன.

இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நொதி, வளர்சிதைமாற்றம் என்றெல்லாம் பேசினால் தலையாட்டுவார். வீட்டுக்குப் போனதும் அது நிற்காது. அவருடைய பழைய வேலையைப் பற்றிக் கேட்டேன். தோல் உரிக்கும் பெஞ்சில் எத்தனை பேர் இருப்பீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு பருப்பு வரும் என்று. பிறகு சொன்னேன்: "உங்க கல்லீரல்ல ஒரு பெஞ்சு இருக்கு. தினம் வாற வார்ஃபரின தினம் உரிச்சுத் தள்ளணும். அந்த பெஞ்சில கொண்டுபோய் இந்த முட்டாயியத் தட்டினா, ஆளுக அதைத்தான் உரிச்சிட்டு இருப்பாங்க. வார்ஃபரின் கூட கூட குமிஞ்சிட்டே போவும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்பம் சாயங்காலம் தறையெல்லாம் பருப்பாக் கெடக்கும்," என்றார். எனக்கு அதற்குமேல் விளக்க ஒன்றும் இல்லை.

உறுதியாகச் சொல்ல முடிவதும் முடியாததும்

மிட்டாய்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இரவுக்கு 50 மி.கி. சிபிடி என்பது வலிப்புக்குக் கொடுக்கும் அளவோடு பார்த்தால் மிகக் குறைவு. அங்கே உடல் எடையின் கிலோவுக்கே 5 முதல் 20 மி.கி. வரை கொடுக்கிறார்கள். இவ்வளவு சிறிய அளவு ஐஎன்ஆரை 2.9-லிருந்து 7.8-க்கு ஏற்றுமா என்ற ஐயம் எனக்கு இன்னமும் இருக்கிறது. லேபிளில் உள்ளதைவிட உள்ளே கூடுதலாக இருந்திருக்கலாம். சிபிடி, சிபிஎன் இரண்டும் ஒரே நொதியில் சேர்ந்து அழுத்தியிருக்கலாம். கடைசி மூன்று நாள் சாப்பாடு குறைந்ததும் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். மிட்டாயைச் சோதித்துப் பார்க்கும் வசதி எங்களுக்கு இல்லை.

எனது ஐயத்தைக் குறைத்தது பிறகு நடந்ததுதான். ஐஎன்ஆர் 2.9-க்கு இறங்கியதும், மிட்டாய் இல்லாமல், பழைய அளவான வாரம் 32.5 மி.கி. வார்ஃபரினையே மறுபடி தொடங்கினோம். ஒரு வாரத்தில் 2.7. நான்கு வாரத்தில் 3.0. எட்டு வாரத்தில் 2.8. அதே மாத்திரை, அதே சாப்பாடு, அதே வீடு. மாறியது அந்தப் புட்டி மட்டும். மருந்து விளைவுகளை மதிப்பிடும் நரஞ்சோ அளவுகோலில் மாற்றுக் காரணம் உண்டா என்ற கேள்விக்கு, சாப்பாடு குறைந்ததை எண்ணி, தெரியவில்லை என்று 0 போட்டேன். அப்படியும் மொத்தம் 5 வந்தது. அந்த அளவுகோலின்படி இது நடந்திருக்கச் சாத்தியம் மிகுந்த வகை. மறுபடி மிட்டாயைக் கொடுத்துப் பார்த்து உறுதிசெய்யும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது.

தூக்கம் ஏன் கெட்டது

மிட்டாயை நிறுத்து என்று சொல்வது எளிது. அவருக்குத் தூக்கம் இல்லாதது நிஜம். ஒரு வருடமாக இரவில் நான்கைந்து முறை எழுந்திருக்கிறார். அதை எங்களிடம் சொல்லவே இல்லை. வயதானால் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார். மகளிடம் போனில் சொல்லியிருக்கிறார். மகள் பதறிப்போய், தான் வேலை செய்யும் ஊரில் எல்லோரும் கடையில் வாங்கும் ஒன்றை வாங்கிவந்து கொடுத்திருக்கிறார்.

எதற்காக எழும்புகிறீர்கள் என்று கேட்டபோது பதில் உடனே வந்தது: மூத்திரம் போக. ஃப்ரூஸ்மைடு மாத்திரையின் இரண்டாவது வேளையைச் சாப்பாட்டோடு சேர்த்து இரவு எட்டு மணிக்கு எடுத்துவந்திருக்கிறார். நீரை இறக்கும் மாத்திரையை எட்டு மணிக்குத் தின்றால் பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று எழும்பாமல் என்ன செய்வார்? மருந்துச் சீட்டில் நாங்கள் 1-0-1 என்று எழுதியிருந்தோம். அந்தக் கடைசி 1 அவருக்கு இராத்திரி. அதை மதியம் இரண்டு மணி என்று எழுதியே கொடுத்திருக்க வேண்டும். இந்த விஷயத்தில் பிழை எங்கள் பக்கம்.

இன்னொன்று வீட்டு நேரம். கணவர் மூன்று மணிக்கே எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போகிறவர். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஒழுகாது. அவருக்குக் கட்டன் சாயா போட அம்மாவும் எழும்புவார். பிறகு படுத்தால் தூக்கம் வராது. சாயாவை ஃப்ளாஸ்கில் முன்னிரவே போட்டுவைக்கலாம் என்று கணவரே சொன்னார். முட்டு வலிக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தோம். ஃப்ரூஸ்மைடை மதியத்துக்கு மாற்றிய முதல் வாரத்திலேயே இரவில் எழுவது ஒருமுறையாகக் குறைந்தது.

மகன் கேட்டது

வீட்டுக்கு அனுப்பும் நாளில் இளைய மகன் கதவோரம் தயங்கி நின்றான். "டாக்டர், நானும் ரெண்டு தின்னு பாத்தேன். அடுத்த வாரம் எனக்கு மெடிக்கல் உண்டு." கப்பல் வேலைக்கும் வளைகுடா வேலைக்கும் போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மெடிக்கல் என்பது வாழ்க்கையின் வாசல். அதில் சிறுநீரில் கஞ்சாச் சோதனை உண்டு. சில சோதனை முறைகள் சிபிஎன்னையும் டிஹெச்சி போலவே காட்டிவிடும் என்று 2020-ல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. மிட்டாயில் லேபிளில் எழுதாத டிஹெச்சி இருந்திருக்கவும் வாய்ப்புண்டு. அதை அவனிடம் மறைக்காமல் சொன்னேன். அவன் தேதியைத் தள்ளி வாங்கினான்; மெடிக்கல் எடுக்கிற மருத்துவரிடமும் நடந்ததைச் சொல்லிவிடு என்றேன்.

சட்டத்தையும் அந்தக் குடும்பத்திடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தியாவின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985, கஞ்சாச் செடியின் பிசினை எந்த வடிவிலிருந்தாலும், சுத்திகரித்தது உட்பட, சரஸ் என்றே கொள்கிறது. பூவும் காயும் உள்ள நுனியைக் கஞ்சா என்று தனியாக வரையறுக்கிறது; அந்த நுனியோடு சேராத தனி இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே நிற்கின்றன. டிஹெச்சி தனியாகவும் மனமயக்கப் பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. 2021-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதையையும் விதை எண்ணெயையும் விதை மாவையும் உணவாக அனுமதித்ததைச் சிலர் எல்லாவற்றுக்குமான அனுமதியாகப் படிக்கிறார்கள். அது விதைக்கு மட்டுமான அனுமதி. அமெரிக்காவில் பலசரக்குக் கடையில் விற்பது என்பதற்காகப் பெட்டியில் வைத்துத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்குவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று மகளுக்குத் தெரியவே தெரியாது. கேட்டதும் போனில் அழுதுவிட்டார். நர்ஸாக இருந்தும் வார்ஃபரினை யோசிக்காமல் விட்டேனே என்றுதான் அந்த அழுகை. மீதியிருந்த மிட்டாய்களை வீட்டிலேயே அழித்துவிட்டார்கள்.

மாற்றியது

எங்கள் வார்ஃபரின் நோயாளிகளின் அட்டையில் "வேறு மருந்து உண்டா?" என்ற வரியை எடுத்துவிட்டோம். இப்போது சிஸ்டர் கேட்பது இப்படி: படுக்கப் போகுமுன் வாயில் என்ன போடுகிறீர்கள்? வெளிநாட்டிலிருந்து யார் கடைசியாக வந்தார்கள், பெட்டியில் என்ன கொண்டுவந்தார்கள்? உடம்பில் எதைத் தேய்க்கிறீர்கள்? தலையணைக்கடியிலும் குளிர்பெட்டிக் கதவிலும் என்ன இருக்கிறது? முதல் மாதத்திலேயே ஜின்செங் மாத்திரை ஒன்றும், மீன் எண்ணெய்க் குப்பிகள் இரண்டும், பெயர் தெரியாத ஒரு "எனர்ஜி" பொடியும் வெளியே வந்தன. கஞ்சா சம்பந்தப்பட்டது வேறு எதுவும் இதுவரை வரவில்லை.

மூன்றாவது மாதம் மகள் எனக்குப் படம் ஒன்று அனுப்பினார். அடுத்த பெட்டிக்கு வாங்கிவைத்தவை: முட்டுவலிக்குத் தேய்க்கும் தைலம், மீன் எண்ணெய், மஞ்சள் மாத்திரை. தைலத்தின் லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மெத்தில் சாலிசிலேட். அதைத் தாராளமாகத் தேய்த்தால் அதுவும் வார்ஃபரினோடு சேர்ந்து ஐஎன்ஆரை ஏற்றும். மீன் எண்ணெயும் செறிவூட்டிய மஞ்சளும் இரத்தப்போக்கைக் கூட்டக்கூடியவை. மூன்றும் வேண்டாம் என்று எழுதினேன். சாளை மீனையும் சமையல் மஞ்சளையும் அம்மா வழக்கம்போலச் சாப்பிடட்டும் என்றும் சேர்த்தேன்.

"அப்போ சாக்லேட் கொண்டுவரலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

கொண்டுவாருங்கள் என்றேன்.